பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்? முதலில் பிரின்டரைப் பாருங்கள்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும். விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையோ அதற்கு மேற்பட்டதோ ஆன ப்ராசஸரும் கேட்கிறது. வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை வீடுகளில் பரண்மேல் ஏறிவிட்ட விலையில்லா மடிக்கணினிகள், பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய பழைய லேப்டாப்கள், ஜெராக்ஸ் கடை மேசைக்கடியில் தூசி படிந்து ஓடும் டெஸ்க்டாப்கள் ஆகியவற்றில் பெரும்பாலானவை இந்தத் தேர்வில் தேறாது. ஆனால் அவற்றின் ஆயுள் முடிந்துவிடவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் இன்னும் பல வருடம் உழைக்கும்.

எந்த லினக்ஸ் என்று கேட்டால் ஒருவர் உபுண்டு என்பார், இன்னொருவர் மின்ட் என்பார், கல்லூரி மாணவர் ஆர்ச் என்பார். மூன்று பதிலுமே கணினியைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சொல்லப்படுபவை. என்ன பிரின்டர், என்ன வைஃபை சிப், தமிழை எந்தத் தட்டச்சு முறையில் அடிக்கிறார்கள், கெட்டுப்போனால் யார் சரிசெய்வார்கள் என்ற நான்குக்கும் விடை தெரிந்தால் டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸின் எந்த வகை என்பது, தானாகவே முடிவாகிவிடும்.

பிரின்டரிலிருந்தே தொடங்கலாம். நம்மூர் ஜெராக்ஸ் கடைகளிலும் சிறு அலுவலகங்களிலும் அதிகம் கண்ணில் படுபவை கேனன் எல்பிபி 2900, ஹெச்பி லேசர்ஜெட் 1020 வகைகள். இரண்டும் விலை குறைந்ததற்கு ஒரு காரணம், பக்கத்தை வரையும் வேலையைப் பிரின்டர் செய்யாமல் கணினியின் தலையில் கட்டுவதுதான். கேனன் 2900 பேசுவது கேப்ட் என்ற அந்நிறுவனத்தின் சொந்த மொழி. லினக்ஸுக்கு நிறுவனமே தந்த டிரைவர் பழையது. 32 பிட் துணைநூலகங்களைச் (மென்பொருள்கள் ஓடத் தேவையான துணை நிரல்கள்) சேர்த்து ஏற்றினால்தான் ஓடும். கூடவே பின்னணியில் தனி சேவை ஒன்றும் ஓடவேண்டும், அது நின்றால் அச்சும் நிற்கும். கேப்ட்டிரைவர் என்ற திறமூல மாற்று ஒன்றும் உண்டு. அதை மூலநிரலிலிருந்து தொகுத்துக்கொள்ள வேண்டும்.

ஹெச்பி 1020இன் கதை வேறு. அதற்குள் ஃபர்ம்வேர், அதாவது பிரின்டரை இயக்கும் உள் மென்பொருள், நிரந்தரமாகத் தங்காது. ஸ்விட்சைப் போடும் ஒவ்வொரு முறையும் கணினிதான் அதைப் பிரின்டருக்குள் ஏற்றவேண்டும். லினக்ஸில் இதைச் செய்வது ஹெச்பிலிப் என்ற மென்பொருளும் அதன் தனியுரிமைப் பிளக்இன்னும். பிளக்இன்னின் பதிப்பு எண் ஹெச்பிலிப்பின் பதிப்பு எண்ணோடு அப்படியே பொருந்தவேண்டும். ஹெச்பிலிப் அப்டேட் ஆகி பிளக்இன் பழையதாகவே இருந்தால், அச்சுக்கு அனுப்பிய கோப்பு வரிசையில் நிற்கும், காகிதம் அசையாது. வாடிக்கையாளர் ஆதார் நகலுக்குக் காத்திருக்கும்போது இது நடந்தால் கடைக்காரர் விண்டோஸுக்கே திரும்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

டிஸ்ட்ரோ தேர்வு இங்கேதான் வந்து சேர்கிறது. வாரம்தோறும் மென்பொருள் பதிப்புகளை மாற்றும் ரோலிங் வகையைப் போட்டால் இந்தப் பிளக்இன் சிக்கல் அடிக்கடி வரும். இரண்டு வருடத்துக்கு ஒரே பதிப்பை வைத்துக்கொண்டு பாதுகாப்பு ஓட்டைகளை மட்டும் அடைக்கும் டெபியன் வகையில், ஒருமுறை சரிசெய்தால் அடுத்த பெரிய மேம்படுத்தல் வரை கவலையில்லை. ஒரு டிஸ்ட்ரோவைத் தேர்ந்தெடுக்கிறோம் என்றால், யார் அப்டேட் அனுப்புகிறார்கள், எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை வருடம் வரை என்பதைத் தேர்ந்தெடுக்கிறோம். ஐகானும் வால்பேப்பரும் எதிலும் மாற்றக்கூடியவை.

டாலியும் கோரல்டிராவும் லினக்ஸுக்கு வெளியாவதில்லை. ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவரிடம் போய் லினக்ஸ் போடுங்கள் என்று சொல்வது அவர் பிழைப்பில் கைவைப்பது போல. அந்த ஒரு கணினி விண்டோஸிலேயே இருக்கட்டும். பில் போடுவது, மெயில் பார்ப்பது, இணையத்தில் விண்ணப்பம் நிரப்புவது என்று இருக்கும் பக்கத்து மேசைக் கணினியை மாற்றலாம். கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பயன்படுத்துபவர்கள் அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே எதையும் தொடவேண்டும்.

அப்டேட் தாளத்தைப் பொறுத்து ஒரு சுருக்கமான கணக்கு. டெபியன் 13 ஆனது 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியானது. மூன்று வருட முழு ஆதரவும் அதன்மேல் இரண்டு வருட நீட்டிப்பும் உண்டு. லினக்ஸ் மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04இன் மேல் கட்டப்பட்டது, 2029 வரை ஆதரவு. ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாத ஆயுள். ஆர்ச்சில் பதிப்பு என்பதே கிடையாது, ஓடிக்கொண்டே இருக்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பேக்கை வைத்துக் காலம் தள்ளும் வீட்டில் ஆர்ச் போட்டால், அப்டேட்டே பாதி பேக்கைத் தின்றுவிடும். டேட்டா போதவில்லை என்று ஒரே ஒரு மென்பொருளை மட்டும் புதுப்பித்தால், அது புதிய துணைநூலகத்தைக் கேட்கும், மற்றவை பழையதைக் கேட்கும், அடுத்த முறை டெஸ்க்டாப் திறக்காமலே போகலாம். ஆர்ச் கற்றுக்கொள்ள அருமையான இடம். அதற்கென்று ஒரு கணினி தனியாக இருக்கட்டும்.

4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் முதல்முறை லினக்ஸ் போடுபவருக்கு மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய டெஸ்க்டாப் சூழல் கொண்ட பதிப்பையே தயங்காமல் சொல்லலாம். கடையில் ஒருமுறை அமைத்துவிட்டுப் பிறகு தொடவே போவதில்லை என்றால் டெபியனோடு எக்ஸ்எஃப்சிஇ. 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் ஃபெடோராவில் கேடிஇ என்ற டெஸ்க்டாப் சூழல் கொண்ட பதிப்பு கண்ணுக்கும் கைக்கும் இதமாக இருக்கும். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸை விலையில்லா மடிக்கணினியில் பார்த்துப் பழகியவர்கள் உண்டு. அதன் அடித்தளமும் டெபியன்தான் என்பதால் அந்தப் பழக்கம் வீணாகாது. 2 ஜிபி ரேம் என்றால் லுபுண்டு அல்லது ஆன்டிஎக்ஸ். ஆனால் அங்கே தடுமாறப்போவது பிரவுசர்தான், அதை எந்த டிஸ்ட்ரோவாலும் சரிசெய்ய முடியாது. 32 பிட் ப்ராசஸர் என்றால் பொதுவான டிஸ்ட்ரோக்கள் கதவை மூடிவிட்டன. டெபியன் 13இல் 32 பிட் நிறுவியே இல்லை, டெபியன் 12 தான் கடைசி.

மேலே சொன்ன ரேம் கணக்கு டெஸ்க்டாப் சூழலையும் பொறுத்தது. எதையும் திறக்காத நிலையில் எக்ஸ்எஃப்சிஇ தோராயமாக 700 எம்பியிலிருந்து 1 ஜிபி வரை எடுக்கும், சினமனும் க்னோமும் ஒரு ஜிபிக்கு மேலே போகும். 4 ஜிபியில் இந்த வித்தியாசம் பிரவுசரில் நாலைந்து டேப்பாக மாறும். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு சாட்டா எஸ்எஸ்டி போடுவது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம். கையில் பணம் குறைவாக இருந்தால் ரேமுக்கு முன் அதைத்தான் வாங்கவேண்டும்.

நிறுவும்போது கையைக் கடிப்பவை

8 ஜிபி பென்டிரைவ் போதும். ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை இறக்கியதும் தளத்தில் தந்திருக்கும் எஸ்ஹெச்ஏ256 என்ற சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதியில் துண்டித்துத் துண்டித்து இறங்கிய கோப்பு வெளியே நல்லதாகத் தெரிந்தாலும் உள்ளே கெட்டிருக்கும். எட்சர் அல்லது ரூஃபஸ் கொண்டு பென்டிரைவில் எழுதி, கணினி கிளம்பும்போது பூட் மெனு விசையை அழுத்தவேண்டும். டெல், லெனோவோ, ஏசரில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9.

உடனே நிறுவ வேண்டாம். நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் லைவ் நிலையிலேயே அரை மணி நேரம் செலவழியுங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா, பிரின்டரில் ஒரு பக்கம் வருகிறதா என்று பாருங்கள். பிராட்காம் சிப் உள்ள பழைய லேப்டாப்களில் வைஃபை உடனே தெரியாமல் போவது வழக்கம். இணையம் இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது என்று திகைக்கவேண்டாம். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் லினக்ஸ் அதைக் கம்பிவழி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்து தேவையானதை ஏற்றலாம்.

நிறுவல் பாதியில் ஸ்குவாஷ்எஃப்எஸ் பிழை என்று நின்றால் பழி லினக்ஸ்மேல் விழும், ஆனால் குற்றவாளி பென்டிரைவோ ரேமோ ஆக இருக்கும். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக்காற்றில் வருடக்கணக்காக இருந்த கணினிகளில் ரேமின் தங்கநிறக் கால்கள் மங்கிப்போயிருக்கும். கணினியை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, ரேமை எடுத்து, பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டுப் போடுவார்கள் நம்மூர் மெக்கானிக்குகள். அதற்குப் பிறகும் பிழை வந்தால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஒரு முழுச் சுற்று ஓடவிடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ரேம் உதவாது.

நிறுவியின் கண்ணுக்கு டிஸ்க்கே தெரியாவிட்டால் பயாஸில் (கணினி கிளம்பும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) சாட்டா நிலை ரெய்டு என்று இருக்கிறதா பாருங்கள். ஏஹெச்சிஐ என்று மாற்றினால் தெரியும். ஆனால் அதே டிஸ்க்கில் விண்டோஸும் இருந்தால், மாற்றியவுடன் அது கிளம்பாமல் போகலாம். முதலில் அதைச் சேஃப் மோடில் ஒருமுறை எழுப்பித் தயார்செய்ய வேண்டும். டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் போட்ட விண்டோஸ் என்றால் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே பார்ட்டிஷனைத் தொடுங்கள். சாவி தொலைந்தால் உள்ளிருக்கும் படங்களும் போயின.

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினியில் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தப்பாகக் காட்டும். பயந்து பயாஸ் பேட்டரியை மாற்றவேண்டாம். மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது உலகப் பொதுநேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது, விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள 5:30தான் அந்த வித்தியாசம். டைம்டேட்சிடிஎல் (timedatectl) கட்டளையில் லோக்கல் ஆர்டிசி (set-local-rtc) என்ற அமைப்பை 1 ஆக்கினால் லினக்ஸ் விண்டோஸின் வழிக்கு வந்துவிடும்.

டெஸ்க்டாப்பை மாற்றுவது தமிழிலிருந்து தொடங்கட்டும்

நிறுவியவுடன் எல்லோருடைய கையும் தீம் பக்கம் போகும். அதைக் கடைசிக்கு வையுங்கள். தமிழ் சரியாக அடிக்க முடியாத கணினி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு வாரத்தில் கைவிடப்படும்.

விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 என்று ஒன்று நேரடியாகவே இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, புள்ளி தானாக வரவில்லையே என்று சலித்துக்கொள்பவர்கள் பலர். காரணம் எளிது. அந்த அடிப்படை அமைப்பு ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்றுதான் வேலைசெய்யும், முன்னால் என்ன அடித்தோம் என்பது அதற்கு நினைவிருக்காது. 1999இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99இன் உயிரே அந்த நினைவில்தான் இருக்கிறது. ‘சென்னை’ என்று அடிக்க ச, எ, ன, ன, ஐ என ஐந்து தட்டுகள் போதும். முதல் னகரத்துக்குப் புள்ளியும், ச-வுக்குக் கொம்பும், இரண்டாவது னகரத்துக்கு ஐகாரமும் தானாக வந்து உட்காரும். இது வேண்டுமென்றால் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளும், ஐபஸ்-எம்17என் என்ற அதன் துணைத்தொகுப்பும் தேவை.

மின்ட்டில் மென்பொருள் ஏற்ற உதவும் சினாப்டிக்கைத் திறந்து இவ்விரண்டையும் ஏற்றுங்கள். பிறகு மெனுவில் இன்புட் மெத்தட் என்ற கருவியில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக்அவுட் செய்து திரும்பி வாருங்கள். இதை விட்டுவிட்டால் பாதி மென்பொருளில் தமிழ் வரும், பாதியில் வராது. ஐபஸ் விருப்பத்தேர்வுகளில் தமிழின் கீழ் எம்17என் தமிழ்99ஐச் சேருங்கள். பழைய டைப்ரைட்டர் முறையில் பழகியவர்களுக்கும், ஆங்கில ஒலிப்பில் அடிப்பவர்களுக்கும் அங்கேயே தனித்தனி அமைப்புகள் உள்ளன. க்னோமில் ஐபஸ் உள்ளேயே இருப்பதால் துணைத்தொகுப்பு மட்டும் போதும். கேடிஇயின் வேலண்ட் (திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய முறை) அமர்வில் ஃபிசிடிக்ஸ்5 என்ற இன்னொரு உள்ளீட்டு மென்பொருள் நன்றாக ஓடும். ஆனால் சிஸ்டம் செட்டிங்ஸில் விர்ச்சுவல் கீபோர்டு என்ற பகுதிக்குப் போய் அதைத் தேர்ந்தெடுத்தால்தான் உயிர் பெறும். பெயரைப் பார்த்துத் தொடுதிரைக்கானது என்று நினைத்து அந்தப் பக்கமே போகாதவர்கள் அதிகம்.

அடுத்து எழுத்துருக்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், லோஹித் தமிழ் மூன்றும் எல்லா டிஸ்ட்ரோவிலும் கிடைக்கும். டிடிபி கடையிலிருந்து வந்த பாமினி கோப்பு கிறுக்கலாகத் தெரிந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று பொருளல்ல. அது யூனிகோடு அல்ல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய முறை. எழுத்துருக் கோப்பை ஹோம் கோப்புறையில் மறைந்திருக்கும் லோக்கல், அதனுள் ஷேர், அதனுள் ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் போட்டால் தெரியும். கன்ட்ரோல், ஹெச் அழுத்தினால் மறைந்த கோப்புறைகள் வெளிவரும். படித்தபின் யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்வது நல்லது, தேடினால் கிடைக்கும்.

லிப்ரேஆபிஸில் தமிழ் அடிக்கும்போது எழுத்துருப் பெட்டியில் ‘லோஹித் தேவநாகரி’ என்று காட்டுவதைப் பார்த்துக் குழம்புவார்கள். லிப்ரேஆபிஸ் தமிழைச் சிக்கலான எழுத்து வகையில் வைத்து அதற்குத் தனி எழுத்துரு ஒதுக்குகிறது. இயல்பாக அங்கே இந்திக்கான பெயர் இருந்துவிடும், அதில் தமிழ் இல்லாததால் கைக்குக் கிடைத்த வேறொன்றைக் கடன் வாங்கும். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், ரைட்டர் என்று போய் சிடிஎல் அடிப்படை எழுத்துருக்களை நோட்டோ செரிஃப் தமிழுக்கு மாற்றினால் கடிதத்தின் வரி இடைவெளியும் சீராகும். வேர்டில் தயாரித்த கோப்புகளின் பக்கம் குலையாமலிருக்க கார்லிட்டோ, கலாடியா இரண்டையும் ஏற்றுங்கள். காலிப்ரி, காம்ப்ரியாவின் அகலத்தை அப்படியே ஒத்தவை.

கட்டளைகளை அடிக்கும் டெர்மினலில் மட்டும் தமிழ்க் கோப்புப் பெயர்களின் கொம்பும் காலும் பிரிந்து தெரியும். ஒவ்வொரு எழுத்தையும் ஒரே அளவு கட்டத்தில் அடைக்கப்பார்ப்பதால் வரும் கோளாறு அது, கோப்புப் பெயர் பத்திரமாகவே இருக்கிறது.

இனித் திரை. பழைய லேப்டாப்களில் பெரும்பாலும் 1366×768. அகலம் தாராளம், உயரம் பஞ்சம். கீழே நாற்பது புள்ளி உயரத்துக்குப் பேனல், மேலே தலைப்புப் பட்டை, அதன்கீழ் மெனு, கருவிப்பட்டைகள் என்று போனால் கடிதம் எழுத ஐந்நூற்றுச் சொச்சம் புள்ளிதான் மிஞ்சும். எக்ஸ்எஃப்சிஇயில் பேனல்மேல் வலது கிளிக் செய்து, பேனல் ப்ரிஃபரன்சஸில் பூட்டை எடுத்துவிட்டு, நிலையை டெஸ்க்பார் என்று மாற்றி, இடது ஓரத்துக்கு இழுத்துவிடுங்கள். விண்டோ மேனேஜர் ட்வீக்ஸில் அக்ஸசிபிலிட்டி தாவலில், பெரிதாக்கிய சாளரங்களின் தலைப்பை மறைக்கும் தேர்வை டிக் செய்யுங்கள். லிப்ரேஆபிஸில் ஒற்றைக் கருவிப்பட்டைக்கு மாறுங்கள். மூன்றும் சேர்ந்து அதே திரையில் நாலைந்து தமிழ் வரிகளை அதிகமாகக் காட்டும். தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் வேண்டும் என்பதால் எழுத்தளவை 9க்குக் குறைத்து இடம் பிடிக்கப் பார்க்காதீர்கள். 11 வைத்து, எழுத்தின் ஓரங்களைத் திரைப் புள்ளிகளுக்குப் பொருத்தும் ஹின்டிங்கை ஸ்லைட் என்று வைத்தால் கண் வலிக்காது.

தீம் போட்டபின் பாதி சாளரம் கறுப்பாகவும் பாதி வெள்ளையாகவும் நிற்பது ஏன்? லினக்ஸ் மென்பொருள்கள் ஜிடிகே, க்யூடி என்ற இரண்டு வேறு கருவித்தொகுப்புகளில் எழுதப்படுகின்றன. ஜிடிகே தீமை க்யூடி மென்பொருள் கேட்காது, அதற்கு க்வான்டம் போன்ற தனிப் பாலம் வேண்டும். லிப்அத்வைதா கொண்டு எழுதிய புதிய க்னோம் மென்பொருள்களோ வெளித் தீம் எதையும் மதிப்பதில்லை. எனவே டிஸ்ட்ரோவோடு வரும் தீமின் கறுப்பு வடிவத்தையும், பாபிரஸ் ஐகான்களையும் வைத்துக்கொள்வதே ஒரே சீராக இருக்கும். க்னோம் எக்ஸ்டென்ஷன்கள் அதன் ஷெல்லின் (பேனலையும் மெனுவையும் காட்டும் பகுதி) உள்நிரலிலேயே ஒட்டு போடுபவை. ஷெல் பதிப்பு மாறும்போது அவை நின்றுபோவது அதனால்தான். கேடிஇயின் குளோபல் தீம்கள் நிரலையும் இயக்கக்கூடியவை. 2024 மார்ச்சில் அப்படி ஒரு தீமை ஏற்றிய பயனரின் கோப்புகள் அழிந்துபோனதும், தெரியாதவர் பதிவேற்றிய தீம்களைப் பற்றி கேடிஇ குழுவே எச்சரித்தது. நிறங்களையும் ஐகான்களையும் தனித்தனியாக எடுப்பது பாதுகாப்பு.

மின்ட் எக்ஸ்எஃப்சிஇயின் மேலேயே கேடிஇயையும் ஏற்றிப் பார்க்கும் ஆசை பலருக்கு வரும். கடவுச்சொற்களைச் சேமிக்கும் சாவி வளையம் இரண்டு, இரண்டு அறிவிப்பு முறை, இரண்டு லாகின் திரை என்று மெனுவே சந்தையாகிவிடும். பிறகு ஒன்றை நீக்கும்போது இன்னொன்றின் உறுப்பும் சேர்ந்து போகும். வேறு சூழல் வேண்டுமென்றால் பென்டிரைவில் லைவாகப் பாருங்கள்.

எதையும் மாற்றுமுன் டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருளில் ஒரு ஸ்னாப்ஷாட் (பழைய நிலைக்குத் திரும்ப உதவும் சிஸ்டம் நகல்) எடுங்கள். இரண்டு மூன்றுக்குமேல் சேரவிடாதீர்கள். சின்ன எஸ்எஸ்டி நிரம்பினால் கடவுச்சொல் சரியாக இருந்தும் லாகின் திரையே திரும்பத் திரும்ப வரும். அப்போது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரையில் நுழைந்து இடத்தைக் காலி செய்தால் வழி திறக்கும். டைம்ஷிஃப்ட் இயல்பாக ஹோம் கோப்புறையை எடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். பேனல் அமைப்பும் படங்களும் அந்த ஹோமுக்குள்தான் இருக்கின்றன.

பேனல் காணாமல் போனாலோ, ஐகான்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலோ, மறுபடி நிறுவக் கிளம்புமுன் புதிதாக ஒரு யூசர் கணக்கைத் தொடங்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே எல்லாம் சரியாக இருந்தால் சிஸ்டத்தில் குறையில்லை, உங்கள் அமைப்புக் கோப்பில்தான் கோளாறு. புதிய கணக்கிலிருந்தபடி, பழைய கணக்கின் ஹோமில் மறைந்திருக்கும் கான்ஃபிக் கோப்புறைக்கு நிர்வாகி உரிமையோடு போய், எக்ஸ்எஃப்சிஇ4 என்ற கோப்புறையின் பெயரை மட்டும் மாற்றுங்கள். பழைய கணக்கில் நுழைந்தபடியே இதைச் செய்தால், பின்னணியில் ஓடும் எக்ஸ்எஃப்கான்ஃப் சேவை தன் நினைவிலிருக்கும் பழைய அமைப்பை மறுபடி எழுதிவிடும். அடுத்த முறை பழைய கணக்கைத் திறக்கும்போது புத்தம்புதிய பேனல் வரும், பெயர் மாற்றிய கோப்புறையிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.